மேல இருந்து ஆர்டர்னா, எந்த மேல?

எங்க பக்கம் யார கேட்டாலும் கஷ்டத்துக்கு ரெண்டே காரணம்தான் சொல்றாங்க. ஒரு செட்டு ஆளுங்க எல்லாத்துக்கும் கவர்மென்ட்தான் காரணம்ன்றாங்க, வரி போட்டே கொல்றான், பெட்ரோல் வெல ஏத்தறான், ஜிஎஸ்டின்னு ஒண்ண கொண்டாந்து கழுத்த நெரிக்கறான்னு. இன்னொரு செட்டு, கவர்மென்ட் பாவம் என்ன பண்ணும், பேங்குக்காரனும் ஃபைனான்ஸ்காரனும் கார்ப்பரேட்டும் சேந்து நாட்ட சுரண்டறாங்க, அவன விட்டுட்டு கவர்மென்ட்ட திட்டி என்ன பிரயோஜனம்ன்றாங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்கறேன், சின்ன பட்டறைங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறது, பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ரெடி பண்றது, லோன் பேப்பர படிச்சு சொல்றதுன்னு நாள் பூரா இதேதான், அதனால இந்த ரெண்டு பேச்சும் தினமும் காதுல விழும். வருஷக்கணக்கா கேட்டு கேட்டு எனக்கு ஒண்ணு மட்டும் நல்லா தெரிஞ்சிருக்கு. ரெண்டு செட்டும் பாதி சரி. அந்தப் பாதியோட நிறுத்திக்கறதாலதான் கவர்மென்ட், பேங்க் ரெண்டுமே தப்பிச்சிடுது. கவர்மென்ட் பேங்க காட்டுது, பேங்க் ரிசர்வ் வங்கிய காட்டுது, ரிசர்வ் வங்கி சட்டத்த காட்டுது, கடைசில கோவம் முழுக்க கவுன்டர்ல உக்காந்திருக்கற ஒரு சின்ன பையன் தலைல போய் விழுது.

இத நான் நேர்லயே பாத்தேன். 2025 ஆரம்பத்துல, எங்க தெருவுல இருக்கற ஒரு அக்கா அஞ்சு பவுன் நகைய கொரட்டூர் பக்கம் ஒரு பேங்க்ல வச்சிருந்தாங்க. பையன் காலேஜ் ஃபீஸுக்கு வச்சது. நம்ம ஊர்ல நகைக்கடன் எப்படி ஓடும்னு எல்லாருக்கும் தெரியும், வருஷம் முடியும்போது வட்டிய மட்டும் கட்டிட்டு அதே நகைய மாத்தி வச்சுப்போம், அசல் கைல இருக்கும்போது பாத்துக்கலாம்னு. அந்த அக்காவும் வட்டிப் பணத்த எண்ணி எடுத்துட்டு போனாங்க, பேப்பர் படிச்சு சொல்றதுக்கு என்னையும் கூட்டிட்டு போனாங்க. அங்க போனா கவுன்டர்ல இருந்த தம்பி, "அம்மா, இப்பல்லாம் வட்டி மட்டும் கட்டி மாத்தி வைக்க முடியாது, அசலோட முழுசா கட்டி நகைய மீட்டுட்டு அப்புறம் புதுசா வைங்க"ன்னு சொல்றான். அக்காவுக்கு தூக்கிவாரிப் போட்டுது. "ஏம்ப்பா தம்பி, அவ்ளோ பணம் கைல இருந்தா நான் ஏம்ப்பா உன் கிட்ட நகைய வைக்கப் போறேன்"னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தத் தம்பி முகம் சிவந்து போச்சு, "மேல இருந்து ஆர்டர்மா, நான் என்ன பண்ணட்டும்"ன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றான். பின்னாடி லைன்ல நின்ன ரெண்டு மூணு பேரும் அந்தப் பையனதான் திட்டறாங்க.

வெளில வந்தா அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, ஒரு நாளைக்கு மட்டும் பணம் குடுப்பாங்க, நகைய மீட்டு திருப்பி வச்ச உடனே வாங்கிப்பாங்க, அந்த ஒரு நாளைக்கு வட்டி தனி. அக்கா அப்படித்தான் சமாளிச்சாங்க. பேங்க் கடன புதுப்பிக்கறதுக்கு கந்து வட்டி வாங்க வேண்டிய நெலம.

அந்த "மேல" எதுன்னு நான் தேடிப் படிச்சேன். 2024 செப்டம்பர் 30ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு. அதுல என்ன இருக்குன்னா, நகைக்கடன் குடுக்கற கம்பெனிகளும் பேங்குகளும் ஒழுங்கா மதிப்பு போடறதில்ல, கடன் வாங்கறவங்க இல்லாமயே நகைய எடை போடறாங்க, ஏலம் விடறது வெளிப்படையா இல்ல, கடன எதுக்கு வாங்கறாங்கன்னு கண்காணிக்கறதில்லன்னு, இப்படி முழுக்க முழுக்க கடன் குடுக்கறவங்க பண்ற தப்பத்தான் பட்டியல் போட்டிருக்காங்க. தப்பு பண்ணது கடன் குடுத்தவன். அத சரி பண்றேன்னு பேங்க் கீழ கொண்டு வந்தப்ப வலி மட்டும் நேரா அந்த அக்கா மடில வந்து விழுந்துச்சு. இதுல நான் கவர்மென்ட்ட திட்டறதா, பேங்க திட்டறதா? ரெண்டும் வேணாம், அந்தத் தேதிய பிடிச்சு கேள்வி கேக்கணும்.

கேள்வி கேட்டாங்க, அதனாலதான் இத எழுதறேன். 2025 ஏப்ரல்ல ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்கு புது வரைவு விதி வெளியிட்டப்ப தமிழ்நாட்டுல பெரிய எதிர்ப்பு வந்துச்சு, விவசாயிங்க, பெண்கள் அமைப்புகள், கட்சிங்க எல்லாம் பேசினாங்க, முதலமைச்சர் கடிதம் எழுதினாரு, அப்புறம் மத்திய நிதி அமைச்சகமே சின்ன கடன்காரங்கள பாதிக்காம பாத்துக்கோங்கன்னு ரிசர்வ் வங்கிக்கு சொல்ல வேண்டியதாச்சு. ஜூன்ல வந்த இறுதி விதில ரெண்டரை லட்சம் வரைக்கும் கடனுக்கு நகை மதிப்புல 85 சதவீதம் வரைக்கும் குடுக்கலாம்னு தளர்த்தினாங்க, கடன புதுப்பிக்கறதுக்கும் வழி வச்சாங்க, வட்டிய கட்டிட்டு புதுப்பிக்கலாம்னு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்லல. ஆனா எந்தப் பேப்பர், எந்த வரின்னு பிடிச்சு கேட்டப்ப அசைஞ்சாங்க. பொதுவா "சிஸ்டமே சரியில்ல"ன்னு பொலம்பினப்ப யாரும் அசையல.

பொம்பளைங்க குழுவா சேந்து வாங்கற மைக்ரோ ஃபைனான்ஸ் லோன்லயும் இதே கததான், சுருக்கமா சொல்லிடறேன். திங்கக்கிழமை ஆச்சுன்னா டியூ வாங்க வர்ற பையன் மேல தெருவே கடுப்பாகுது. ஆனா மைக்ரோ ஃபைனான்ஸ் வட்டிக்கு இருந்த உச்சவரம்ப 2022 ஏப்ரல்ல இருந்து எடுத்தது ரிசர்வ் வங்கி. வசூல்ல மெரட்டறத தண்டிக்க 2025ல தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. ஒரு பக்கம் தொறந்து விட்டுட்டு இன்னொரு பக்கம் காவல் போடறாங்க. நடுவுல அந்தப் பையனும் நம்ம வீட்டு பொம்பளைங்களும் மொறச்சுக்கிட்டு நிக்கறாங்க.

இப்ப பேங்க் கடன் தள்ளுபடி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா ரெண்டாவது செட்டு ஆளுங்களோட பெரிய ஆயுதமே இதான். அஞ்சு வருஷத்துல பத்து லட்சம் கோடிக்கு மேல பேங்குங்க கணக்குல இருந்து நீக்கியிருக்குன்னு 2022ல பார்லிமென்ட்லயே சொன்னாங்க. உடனே இன்னொரு செட்டு பதில் சொல்லும், அது கணக்குப் புத்தகத்துல பண்ற ஏற்பாடு, கடன வசூல் பண்ற உரிமை பேங்குக்கு அப்படியேதான் இருக்குன்னு. அது உண்மைதான். ஆனா திரும்பி வந்தது ரொம்ப கொஞ்சம், அதுவும் உண்மை. சண்ட இதோட நின்னுடுது, எனக்கு இதுக்கு அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்குது. அந்தக் கடன்ல பெரும்பகுதி 2000களோட பிற்பகுதில, நாடு ஓஹோன்னு வளருதுன்னு எல்லாரும் நம்பின நேரத்துல, மின்சாரம், எஃகு, ரோடுன்னு குடுத்தது. அது வராக்கடன் ஆனப்ப பல வருஷம் வெளிய தெரியாம கடன மாத்தி எழுதி மூடி மூடி வச்சாங்க. 2015ல ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்தப்ப புத்தகத்த தொறந்து காட்டுங்கடான்னு சோதனை போட்டாரு, 2018 மார்ச்ல பேங்குங்க குடுத்த கடன்ல மொத்த வராக்கடன் 11 சதவீதத்த தாண்டி நின்னுச்சு. பேங்குங்க கவுந்துடக்கூடாதுன்னு 2017 அக்டோபர்ல மத்திய அரசு 2.11 லட்சம் கோடி மூலதனத் திட்டம் அறிவிச்சுது. பொதுத்துறை பேங்க்ல கடன் குடுக்கற நாற்காலிக்கு மேல நிதி அமைச்சகம் இருக்கு, கடன் வாங்கின கம்பெனிக்கு மேல பெரிய முதலாளி இருக்கான், ரெண்டு பேருக்கும் நடுவுல ஃபோன் இருக்கு. நஷ்டம் வந்தப்ப அத அடைச்ச பணத்துல நம்ம லேத் பட்டறை அண்ணன் கட்டின வரியும் இருக்கு. இதுல "கவர்மென்ட்டா பேங்கா"ன்னு பட்டிமன்றம் வைக்க என்ன இருக்கு?

அமெரிக்காலயும் இந்தப் பட்டிமன்றம் நடந்துச்சு, நம்மள விட ரொம்ப சத்தமா. 2008 செப்டம்பர் 15 லேமன் பிரதர்ஸ்ன்ற பெரிய முதலீட்டு பேங்க் திவால் ஆச்சு, அடுத்த மாசமே மத்த பேங்குகள காப்பாத்த 700 பில்லியன் டாலர் மீட்புத் திட்டத்துக்கு சட்டம் போட்டாங்க. வேல போன கோடிக்கணக்கான ஜனங்க ரெண்டா பிரிஞ்சு நின்னாங்க. 2009ல டீ பார்ட்டின்னு ஒரு கூட்டம் கெளம்பி எல்லாம் கவர்மென்ட் குத்தம், தகுதி இல்லாதவனுக்கெல்லாம் வீட்டுக்கடன் குடுக்க வச்சதே அரசுதான்னு சொல்லுச்சு. 2011ல ஆக்குபை வால் ஸ்ட்ரீட்னு இன்னொரு கூட்டம் நியூயார்க் ஜுக்காட்டி பார்க்ல டென்ட் போட்டு உக்காந்து, எல்லாம் பேங்க் குத்தம்னு சொல்லுச்சு. ரெண்டு கூட்டத்துக்கும் வயித்தெரிச்சல் ஒண்ணுதான், எங்க வீடு போச்சு, அவன மட்டும் ஏன் காப்பாத்தினீங்கன்னு. அரசு காப்பாத்தின ஏஐஜி இன்ஷூரன்ஸ் கம்பெனி 2009 மார்ச்ல 165 மில்லியன் டாலர் போனஸ் குடுக்கப் போகுதுன்னு தெரிஞ்சப்ப ரெண்டு பக்கமும் கொதிச்சுது. ஆனா சேந்து நிக்கல. 2011 ஜனவரில வந்த, இந்த நெருக்கடிய விசாரிச்ச அமெரிக்க கமிஷனோட பெரும்பான்மை அறிக்கை தெளிவா சொல்லுச்சு, இது தவிர்த்திருக்கக்கூடிய நெருக்கடி, பேங்குங்க ஆபத்தான சூதாட்டம் ஆடினது, கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்புங்க கண்ண மூடிட்டு இருந்துச்சுன்னு. ரெண்டு கையும் தட்டினாதான் சத்தம். அங்க பெரிய பேங்குகளோட தலைவருங்க ஒருத்தரும் ஜெயிலுக்கு போகல. அந்த நெருக்கடில இங்க ஓஎம்ஆர்ல ஐடி பசங்க ப்ராஜெக்ட் இல்லாம பென்ச்ல உக்காந்தாங்க, அம்பத்தூர்லயும் பாடிலயும் ஆட்டோமொபைல் ஆர்டர் குறைஞ்சு ஷிஃப்ட் குறைஞ்சுது, இந்த ஊர்ல வேல போனவன் அவன் ராசியதான் நொந்துக்கிட்டான்.

ஜெயில்னு சொன்னதும் நம்ம மெட்ராஸ் கதை ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாதுன்னு நெனைக்கறேன். பாரி, பின்னி மாதிரி பீச் லைன்ல கொடிகட்டிப் பறந்த இன்னொரு வெள்ளக்கார கம்பெனி அர்பத்நாட். ஆயிரக்கணக்கான பேரு அங்க டெபாசிட் போட்டிருந்தாங்க, பென்ஷன் வாங்கினவங்க, விதவைங்க, வக்கீலுங்க, கோயில் பணம்கூட. ஏன் போட்டாங்கன்னா, சர் பட்டம் வாங்கின தொரை நடத்தற கம்பெனி, கவர்மென்ட்டுக்கு சமானம்னு நம்பினாங்க. 1906 அக்டோபர்ல அது கவுந்துச்சு. லண்டன் பார்ட்னர் சூதாட்டத்துல பணத்த விட்டிருந்தாரு. அந்த ஆட்சி வெள்ளக்காரன் ஆட்சி, கோர்ட்டும் அவங்களுதுதான், ஆனாலும் சர் ஜார்ஜ் அர்பத்நாட்ட குத்தவாளிக் கூண்டுல ஏத்தி 18 மாசம் கடுங்காவல் போட்டாங்க. டெபாசிட்காரங்களுக்காக நின்னவரு வி. கிருஷ்ணசாமி ஐயர், அவரு கூட சேந்தவங்களோட 1907ல நம்ம ஆளுங்க பணத்துல ஆரம்பிச்சதுதான் இண்டியன் பேங்க். 1969 ஜூலை 19ல இந்திரா காந்தி 14 பேங்குகள அரசுடமை ஆக்கினப்ப அதுவும் அதுல ஒண்ணு. 1990கள்ல பெரிய நஷ்டம் வந்து அரசு பணம் போட்டுத்தான் அத தூக்கி நிறுத்த முடிஞ்சுது. தனியார்காரன் ஏமாத்தினான்னு ஜனங்க பேங்க் ஆரம்பிச்சாங்க, ஜனங்க பேங்க அரசு எடுத்துக்குச்சு, அரசு பேங்க் கையிலயும் நஷ்டம் வந்துச்சு. அதனால "அரசு கிட்ட குடுத்தா சரியாயிடும்"ன்றவங்க கிட்டயும் "தனியார் கிட்ட குடுத்தா சரியாயிடும்"ன்றவங்க கிட்டயும் எனக்கு நம்பிக்கை வரல. கணக்க யாரு பாக்கறா, தப்பு நடந்தா யாரு உள்ள போறா, இத மட்டும்தான் நான் கேப்பேன்.

இப்ப வரிய திட்டற மொத செட்டுக்கு ஒரு தேதி சொல்றேன். 2019 செப்டம்பர் 20. அன்னிக்கு கோவால ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம், நிதி அமைச்சர் அங்க போயிருந்தாங்க, காலைலயே கம்பெனி வரிய 30ல இருந்து 22 சதவீதமா குறைக்கறோம்னு அறிவிச்சாங்க, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி அரசுக்கு வருமானம் குறையும்னு அவங்களே சொன்னாங்க. ஷேர் மார்க்கெட் அன்னிக்கு எகிறுச்சு. அதே நாள் கவுன்சில்ல இன்ஜினியரிங் ஜாப் வொர்க்குக்கு, அதாவது அடுத்த கம்பெனி பொருள வாங்கி வேல செஞ்சு குடுக்கற கூலிக்கு, ஜிஎஸ்டிய 18ல இருந்து 12 ஆக்கினாங்க, எங்க எஸ்டேட்ல சந்தோஷப்பட்டாங்க, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா கம்பெனி வரி குறைப்பு கம்பெனிங்களுக்கு மட்டும்தான். அம்பத்தூர்ல பத்து பேர வச்சு லேத் ஓட்டற அண்ணனும் அவரு மச்சானும் பார்ட்னர்ஷிப் ஃபர்ம். பார்ட்னர்ஷிப்புக்கு இன்னிக்கும் 30 சதவீதம்தான், செஸ்ஸோட 31.2. இவங்க கிட்ட பார்ட்ஸ் வாங்கிட்டு மூணு மாசம் கழிச்சு பணம் குடுக்கற பெரிய கம்பெனிக்கு எல்லாம் சேத்து 25.17. ரிட்டர்ன் போடும்போது இத பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டினேன், அண்ணன் ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துட்டு இருந்தாரு. "வரி அதிகம்னுதான் நெனைச்சேன், அவனுக்கு கம்மின்னு தெரியாது"ன்னாரு. அவரு இத்தன வருஷம் திட்டினது ஜிஎஸ்டி ஆபீஸ்ல இருக்கற இன்ஸ்பெக்டர.

இதுக்கெல்லாம் மேல எனக்கு நெஞ்சு பொறுக்காத ஒண்ணு இருக்கு. கவர்மென்ட்ட திட்டறவங்க, பேங்க திட்டறவங்கள விட, தன்னையே திட்டிக்கறவங்கதான் அதிகம். நாமதான் அகலக்கால் வச்சுட்டோம், விரலுக்கேத்த வீக்கம் வேணாமா, அடுத்தவன பாத்து ஆசப்பட்டுட்டோம்னு. வீட்டுக்கடன் வாங்கின எத்தன புருஷன் பொண்டாட்டி இந்த வார்த்தைய சொல்லி எங்க ஆபீஸ்ல கண் கலங்கியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன், இங்கயும் போடறேன்.

30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீத வட்டி, ஃப்ளோட்டிங், அதாவது நடுவுல ஏறி எறங்கற வட்டி. மாசத் தவணை 23,259 ரூபா வரும். ஒரு வருஷம் ஒழுங்கா கட்டினா அசல் சுமார் 29 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வந்திருக்கும். இப்ப வட்டி 9.5 ஆகுதுன்னு வச்சுக்கோங்க. அந்த அசலுக்கு ஒரு மாச வட்டி மட்டுமே சுமார் 23,190 ரூபா. தவணைய ஏத்தாம பேங்க் பேசாம விட்டுட்டா, 23,259 கட்டறதுல அசல்ல நூறு ரூபாகூட கழியாது. இப்படியே போனா கடன் இந்த ஜென்மத்துல முடியாது. மாசா மாசம் அதே தொகை அக்கவுன்ட்ல இருந்து போகுது, எஸ்எம்எஸ் வருது, எல்லாம் சரியா ஓடுதுன்னு நெனைச்சுட்டு இருப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா தலை சுத்தும்.

இந்த ரெண்டரை சதவீதம் நான் சும்மா போட்ட எண் கெடையாது. ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குங்களுக்கு கடன் குடுக்கற வட்டி, 2022 மே மாசத்துக்கு முன்னாடி 4 சதவீதம், 2023 பிப்ரவரில 6.5. இத முடிவு பண்றது ரிசர்வ் வங்கி மட்டும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. 2016ல சட்டத்த திருத்தி ஆறு பேர் கமிட்டி போட்டாங்க, மூணு பேர் ரிசர்வ் வங்கி ஆளுங்க, மூணு பேர் மத்திய அரசு நியமிக்கறவங்க. வெலவாசி ஏத்தத்த 4 சதவீதத்துல வச்சுக்கணும், 2ல இருந்து 6க்குள்ள இருக்கணும், தொடர்ந்து மூணு காலாண்டு தவறினா ஏன் தவறினோம்னு ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுதிக் குடுக்கணும்னு சட்டம். 2022ல மூணு காலாண்டும் தவறுச்சு. உக்ரைன் போரு, எண்ணெய் வெல, எல்லாம் காரணம்தான், நான் மறுக்கல. நவம்பர்ல கமிட்டி கூடி கடிதத்தையும் முடிவு பண்ணாங்க. ஆனா அந்தக் கடிதத்த வெளியிட மாட்டோம்னு ரெண்டு பேருமே சொல்லிட்டாங்க, கவர்னரும் சொன்னாரு, பார்லிமென்ட்ல அரசும் சொல்லுச்சு. வெலவாசி ஏறினதுக்கு காரணம் சொல்லி ஒருத்தர் எழுதின கடிதம், அத வாங்கினது இன்னொருத்தர், ரெண்டு பேரும் சேந்து பீரோல வச்சு பூட்டிட்டாங்க, அதுக்கான வட்டிய பெரம்பூர்லயும் ஆவடிலயும் இருக்கறவங்க இருபது வருஷக் கடன முப்பது வருஷமாக்கி கட்டறாங்க. இது தெரிஞ்சா எந்தப் புருஷன் பொண்டாட்டியும் தன்ன திட்டிக்க மாட்டாங்க. திட்டிக்கவும் கூடாது. நீங்க கணக்கு போட்டுத்தான் வாங்கினீங்க, கணக்க மாத்தினது வேற ஆளு.

2025ல ரெப்போ கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது, அதுக்காக தானாவே உங்க கடன் வருஷம் பழையபடி ஆயிடும்னு இருந்துடாதீங்க. 2023 ஆகஸ்ட் 18ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு, ஃப்ளோட்டிங் வட்டில மாசத் தவணையா கட்டற கடன பத்தினது. வட்டி மாத்தி அமைக்கும்போது தவணைய ஏத்திக்கறீங்களா, வருஷத்த நீட்டிக்கறீங்களா, இல்ல ரெண்டும் கலந்தான்னு உங்கள கேக்கணும், (ஃபிக்ஸட் வட்டிக்கு மாற வாய்ப்பு குடுக்கணும்னும் 2025 செப்டம்பர் வரைக்கும் இருந்துச்சு), நடுவுல மொத்தமாவோ கொஞ்சமாவோ கட்டிக்கலாம், தவணைல வட்டி கூட கட்ட முடியாத அளவுக்கு கடன நீட்டிடக் கூடாது, இன்னும் எத்தன தவணை பாக்கி, எவ்ளோ அசல் வசூல் ஆச்சுன்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா உங்களுக்கு ஸ்டேட்மென்ட் குடுக்கணும்னு அதுல இருக்கு. போன மாசம் ஆவடில இருந்து வந்த ஒரு தம்பதிக்கு இத பிரின்ட் எடுத்துக் குடுத்து, கூடவே ஒரு லெட்டரும் டைப் பண்ணிக் குடுத்தேன். பிரான்ச்ல இருக்கற ஆள் கிட்ட சத்தம் போட வேணாம், லெட்டர குடுத்து இன்னொரு காப்பில சீலும் தேதியும் போட்டு வாங்கிட்டு வாங்க, முப்பது நாள்ல பதில் வரலன்னா அந்தக் காப்பிய வச்சு ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற அதிகாரிக்கு, ஆன்லைன்லயே போடலாம், காசு எதுவும் கட்ட வேணாம்னு சொல்லி அனுப்பினேன். சீல் வாங்கிட்டாங்க. பதிலுக்கு காத்துட்டு இருக்கோம்.